பாய்லரும் தங்கமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலாஸ்கா தங்க வேட்டை பற்றிய உங்கள் கட்டுரையில், புலம்பெயர்ந்து போன ஒரு மெஷினிஸ்ட் (இயந்திர பாகங்களைக் கடைந்து செய்கிறவர்) சுரங்கத்திலும் வேலை பார்த்ததாக ஒரு வரி வருகிறது. ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுக்கிற இடத்தில் மெஷினிஸ்ட்டுக்கு என்ன வேலை? நான் லேத் பட்டறையில் டர்னர், அதனால் கேட்கிறேன். அப்படிப் போனவர்கள் சம்பாதித்து ஊர் திரும்பினார்களா?

ர.

அன்புள்ள ர.,

அலாஸ்காவில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் ஊரை வைத்தே சொல்கிறேன். 1902-ல் அங்கே தங்கத்தைக் கண்டுபிடித்த ஃபெலிக்ஸ் பெட்ரோ இத்தாலிய மலைக்கிராமத்துக்காரர், அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்துவிட்டு வடக்கே வந்தவர். அந்த ஊரில் மணலை அரித்தால் மட்டும் தங்கம் கிடைத்துவிடாது. தங்கம் கலந்த சரளை ஆழத்தில் கிடந்தது, சில ஓடைகளில் நூறடிக்கும் கீழே. அதுவரைக்கும் கோடையிலும் இளகாத உறைமண். கடப்பாரை போட்டால் கருங்கல்லில் போட்டது மாதிரி தெறிக்கும். ஆரம்பத்தில் விறகை எரித்து இளக்கினார்கள். பிறகு நீராவி வந்தது, உங்கள் தொழிலும் கூடவே வந்தது.

மேலே விறகு பாய்லர். அதிலிருந்து குழாய் குழிக்குள் இறங்கும். அதன் கடைசியில் ஹோஸ் மாட்டி, ஆளுயரத்தைத் தாண்டிய இரும்புக் குழாய் ஒன்றை இணைப்பார்கள். நுனியில் கெட்டியான எஃகு முனை, அதில் நீராவி வரத் துளை. 'ஸ்டீம் பாயின்ட்' என்று பெயர். உறைந்த சரளைச் சுவரில் வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். நீராவி முன்னால் இளக்கிக் கொடுக்கக் கொடுக்கக் குழாய் அங்குலம் அங்குலமாக உள்ளே போகும். பொறுமையில்லாமல் ஓங்கி அடித்தால் குழாய் வளைந்துவிடும். முழுக்க இறங்கியதும் மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைத்து, பிறகு இளகிய சரளையை வெட்டி வாளியில் போட்டால் நீராவியில் ஓடும் வின்ச், அதாவது கயிறு சுருட்டும் இயந்திரம், மேலே இழுக்கும். கீழே புழுக்கத்தில் தொப்பலாக நனைந்தவன் மேலே வரும்போது மைனஸ் நாற்பது டிகிரி இருக்கலாம்.

அந்தக் குளிரில் பாய்லர் அணைந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். உதிரிபாகம் வரவழைக்கலாம் என்றால், ஆறு உறைந்தபின் வசந்தம் வரை நீராவிக் கப்பல் கிடையாது. உடைந்ததை அங்கேயே அடித்து, கடைந்து, ஒட்டித்தான் ஓட்டியாக வேண்டும். ஆங்கிலம் வராத ஆளானாலும் இரும்பு தெரிந்தவனுக்கு மதிப்பு இருந்தது. ஸ்காண்டிநேவியர்கள், செர்பியர்கள், மாண்டினீக்ரோக்காரர்கள், இத்தாலியர்கள் என்று பலரும் அங்கே உழைத்தார்கள். தங்க வேட்டை என்றாலே அதிர்ஷ்டசாலிகளை மட்டும் பேசுகிறோம், எனக்கு அதில் ஆற்றாமை உண்டு. ஃபேர்பேங்க்ஸின் தங்கத்தை மேலே கொண்டுவந்தவர்கள் பாய்லருக்கு விறகு போட்டவர்களும் அதைப் பழுதுபார்த்தவர்களும்தான்.

சம்பாத்தியத்துக்கு வருகிறேன். குளிர்காலம் முழுக்க வெட்டிய சரளை மேலே மலையாகக் குவிந்திருக்கும். வசந்தத்தில் பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்தால்தான் அலச முடியும். பல சுரங்கங்களில் கூலியும் அதுவரை காத்திருக்கும். குவியலில் தங்கம் குறைந்தால், மாதக்கணக்கில் உழைத்தவனின் கூலிக்கே ஆபத்து. எட்டு மணி நேர வேலை கேட்டு 1907-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்தப் பின்னணியில்தான்.

ஊர் திரும்பியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் நிறைய. பெட்ரோவே 1910-ல் ஃபேர்பேங்க்ஸில் இறந்தார். கலிஃபோர்னியாவில் புதைக்கப்பட்ட அவர் உடல் 1972-ல்தான் இத்தாலிக்குப் போனது. குடும்பமும் காசும் இல்லாமல் முதுமையடைந்த தங்கம் தேடிகளுக்காக 1913-ல் அலாஸ்காவின் சிட்கா ஊரில் அரசு ஒரு இல்லமே திறக்க வேண்டியிருந்தது.

தொழில் கையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் தேவலை. 1920-களில் பெரிய நிறுவனம் வந்து டிரெட்ஜ்களை இறக்கியது. குளத்தில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் அடிவரை தோண்டும் ராட்சத இயந்திரம் அது. 1928-ல் ஓடத் தொடங்கிய எட்டாம் எண் டிரெட்ஜ் இன்றும் ஃபேர்பேங்க்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சரளையில் உரசி உரசி வாளியின் விளிம்பு தேயும், சங்கிலியில் வாளிகளைக் கோக்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டும் அதைச் சுற்றியிருக்கும் ‘புஷ்’ என்ற உறையும் தேயும். குளம் உறைந்து டிரெட்ஜ் நிற்கும் மாதங்களில்தான் பெரிய பழுதுவேலை எல்லாம் நடக்கும். 1942 அக்டோபரில் போரைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு தங்கச் சுரங்கங்களை மூடவைத்தது. போருக்குப் பின் மறுபடி ஓடி, 1959-ல் எட்டாம் எண் டிரெட்ஜ் ஓட்டத்தை நிறுத்தியது. நேரில் பார்க்க வாய்த்தால் அந்த வாளிகளின் விளிம்பையும் ‘பின்’களையும் பாருங்கள். எத்தனை முறை மாற்றியிருப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.