வாசகர் கேள்வி–பதில்: நெடும்பாதையில் இருவர்

மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் நீளும் நடைப்பாதையை ஒரே பருவத்தில் முனைக்கு முனை நடந்து முடிப்பதுதான் ‘த்ரூ-ஹைக்கிங்’. ஜோடியாகக் கிளம்பத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: என் கணவர் வேகமாக நடப்பவர். பயிற்சி நடையிலேயே ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் எனக்காகக் காத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்து நடக்கிறார். ஐந்து மாதம் இப்படி ஓட்ட முடியுமா?

பதில்: ஐந்து மாதம் என்ன, ஐந்து நாள்கூடத் தாங்காது. அவர் கால் மணி நேரம் இளைப்பாறிவிட்டு, நீங்கள் மூச்சிரைக்க வந்து நின்றதும் ‘போகலாமா?’ என்கிறார். வேகமானவருக்கு நாள் முழுக்க ஓய்வு, மெதுவானவருக்கு நாள் முழுக்க ஓட்டம். ஓய்வு நேரத்தைப் பின்னால் வருபவர் பையை இறக்கிவைத்த நொடியிலிருந்து எண்ணுங்கள். பத்து நிமிடம் என்றால் உங்களுக்கு முழுசாகப் பத்து நிமிடம். முன்னால் வந்தவர் அதற்குள் தண்ணீர் பிடித்து வடிகட்டி வைக்கட்டும்.

அடுத்தது எடை. டென்ட், ஸ்டவ், பாத்திரம், கேஸ், மருந்துப்பை, சாப்பாடு எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிப்பது நியாயம்போலத் தெரியும். முழங்காலுக்கு அந்த நியாயம் புரியாது. 14 கிலோ பை, 80 கிலோ உடம்புக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 55 கிலோ உடம்புக்கு நான்கில் ஒரு பங்கு. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துவது நல்லது. உங்கள் பையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோவை அவர் பைக்கு மாற்றி இரண்டு நாள் நடந்து பாருங்கள். உச்சியில் காத்திருக்கும் நேரம் பெருமளவு குறைந்துவிடும். கௌரவம் பார்க்கிற இடம் இதுவல்ல. ஆனால் ஒரேயடியாக ஐந்து கிலோவைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். செங்குத்தான இறக்கத்தில் அவர் முழங்கால் வீங்கினால் இருவரும்தான் நிற்க வேண்டும்.

ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால் போவது பழைய வழக்கம். முதுகில் யாரோ தள்ளுவதுபோல் இருக்கிறது என்று அதை வெறுப்பவர்களும் உண்டு. அப்படியானால் காலையில் நீங்கள் அரைமணி முன்னதாகக் கிளம்புங்கள், அவர் டென்ட்டை மடித்துக்கொண்டு பின்னால் வரட்டும். நாள் பூராவும் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

கேள்வி: டென்ட் துணி என் பையில், கம்பிகள் தோழி பையில். ஸ்டவ் என்னிடம், கேஸ் அவளிடம். இப்படிப் பிரிப்பது சரிதானே?

பதில்: தராசுக்குச் சரி, பாதைக்குச் சரியில்லை. கிளைப்பாதை ஒன்றில் நீங்கள் இடப்பக்கமும் அவர் வலப்பக்கமும் திரும்பிவிட்டீர்கள், மழை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். உங்களிடம் நிறுத்த முடியாத துணி, அவரிடம் போர்த்த முடியாத கம்பி. ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் வேலை செய்யும் பொருள் முழுசாக ஒரே பையில் இருக்க வேண்டும். டென்ட் முழுக்க ஒருவரிடம். ஸ்டவ், கேஸ், பாத்திரம், லைட்டர் முழுக்க மற்றவரிடம். டென்ட் இல்லாதவர் பையில் 300 கிராமுக்குள் வரும் மெல்லிய தார்ப்பாய் ஒன்றோ, அவசரகால உறை ஒன்றோ இருக்கட்டும்.

இவை தவிர, யாரிடமும் பங்கு போடக்கூடாதவை: ஸ்லீப்பிங் பேக், பாய், மழைக்கோட்டு, ஈரத் துணியோடு கலக்காமல் தனியே கட்டிய உலர்ந்த மாற்றுடை, நெற்றி விளக்கு, விசில், தண்ணீர் சுத்திகரிக்க ஏதாவது ஒரு வழி, அடுப்பில்லாமல் தின்னக்கூடிய ஒரு நாள் உணவு, போனில் இறக்கிவைத்த வரைபடம், கொஞ்சம் பணம். ஃபில்டர் ஒருவரிடம் இருந்தால் மற்றவரிடம் குளோரின் மாத்திரை ஒரு அட்டை போதும். ஆளுக்கு ஓர் இரவைத் தனியே கழிக்க முடிகிறதா என்பதுதான் பை கட்டியதற்கான பரீட்சை.

கூடவே ஒரு விதி. பாதை கிளை பிரியும் எந்த இடத்திலும் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருபவரைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். ‘அவளுக்குத் தெரியும்’ என்ற நினைப்பில்தான் பெரும்பாலும் பிரிகிறார்கள். தவறவிட்டுவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் தேடி அலையக் கூடாது. கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்கு ஒருவர் திரும்புவது, மற்றவர் இருக்கிற இடத்திலேயே இருப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். எவர் எது என்பதைப் புறப்படும் அன்றே பேசிவிடுங்கள்.

கேள்வி: அண்ணனும் நானும் போகிறோம். பயிற்சிக்குப் போன இடத்தில் மூன்றாம் நாளே என் பங்கு நட்ஸையும் அவன் தின்றுவிட்டான். எவ்வளவு உணவு எடுப்பது, எப்படிப் பிரிப்பது?

பதில்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் உலர் உணவு. இருவருக்கு ஐந்து நாள் என்றால் சுமார் 8 கிலோ. அதில் ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்கு மேல் கலோரி வர வேண்டுமானால், 100 கிராமுக்கு 450 கலோரியாவது தரும் பொருள்களாக இருக்க வேண்டும். நட்ஸ் 600-ஐ ஒட்டி வரும், எண்ணெய் 900-ஐ நெருங்கும். இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 240 கலோரி சத்தமில்லாமல் உள்ளே போகும்.

முதல் இரண்டு வாரம் பசியே எடுக்காது. எடுத்துவந்ததில் பாதி மிஞ்சும். அதைப் பார்த்து வழியில் வரும் அடுத்த ஊரில் குறைத்து வாங்குவதுதான் வழக்கமான பிழை. மூன்றாம், நான்காம் வாரத்தில் பசி பேய்போல வரும், அப்போது பையில் ஒன்றும் இருக்காது.

பிரிக்கும் முறை: இரவுச் சமையல் மட்டும் பொது. பகலில் கொறிப்பதெல்லாம் தனித்தனி, அதுவும் நாளுக்கொரு பொட்டலமாக. பெரிய பை ஒன்றில் கைவிட்டு அள்ளித் தின்றால் எவ்வளவு தீர்ந்தது என்று தின்பவருக்கே தெரியாது. அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுப் பாத்திரத்தையும் சரிபாதி ஆக்க வேண்டாம். அவர் உங்களைவிட 20 கிலோ கூடுதல் என்றால் கோப்பையால் அளந்து அவருக்கு மூன்று, உங்களுக்கு இரண்டு. கூடுதலாக ஓர் இரவுச் சாப்பாடு தொடாமல் இருக்கட்டும். அது உங்கள் பையில்தான் இருக்க வேண்டும், அவர் பையில் அல்ல.

பாதையில் நடக்கும் சண்டைகளில் பாதி பசிச்சண்டை. மாலை நாலு மணிக்கு மேல் யார் குரல் உயர்ந்தாலும் முதலில் ஆளுக்கு ஒரு கைப்பிடி நட்ஸ், பிறகு வாக்குவாதம்.

கேள்வி: இருவருக்கு ஒரு கேஸ் உருளை எத்தனை நாள் வரும்?

பதில்: மூடி போட்டு, காற்று படாமல் ஒரு லிட்டர் கொதிக்கவைக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ். காலையில் அரை லிட்டர், இரவில் ஒரு லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 22, 23 கிராம். 230 கிராம் உருளை பத்து நாள் வரும். காற்றில் வைத்தால் ஆறே நாளில் தீரும். உருளைமேல் நேராகத் திருகும் ஸ்டவ்வைச் சுற்றி முழுவதுமாகத் தடுப்பு கட்டிவிடாதீர்கள், உருளை சூடேறி வெடிக்கக்கூடும். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் மறைத்தால் போதும். மிச்சம் எவ்வளவு என்று அறிய, புதிதாக வாங்கியதும் எடை போட்டு உருளையிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் மறுபடி எடை போட்டால் கணக்கு கையில்.

கேள்வி: ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மற்றவருக்கும் வந்துவிடுமா?

பதில்: நோரோ வைரஸ் என்றால் வர வாய்ப்பு மிக அதிகம். நெடும்பாதைகளில் அது அவ்வப்போது பரவும். நுண்குழல்கள் வழியே தண்ணீரை வடிக்கும் ஃபில்டர்களின் 0.1 மைக்ரான் துளை பாக்டீரியாவையும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல்லும் நோரோவிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், அதுவும் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி. நொறுக்குப் பொட்டலத்தில் கை விடாமல் உள்ளங்கையில் கொட்டித் தின்னுங்கள். நோயாளி சமைக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு நாளாவது பாத்திரம் பக்கம் வரக் கூடாது.

நேற்றைய ஓடையை உடனே குற்றவாளி ஆக்க வேண்டாம். நோரோ 12 முதல் 48 மணி நேரத்தில் காட்டும். ஜியார்டியா ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். ஃபில்டர் ஒரே ஓர் இரவு உறைந்திருந்தாலும் உள்ளே குழல்கள் விரிசல் விட்டிருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் இரவில் அதை உறையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். யார் பொறுப்பு என்பதும் முடிவாகியிருக்கட்டும். ‘நீ வைத்திருப்பாய் என்று நினைத்தேன்’ என்பதில் உடைந்த ஃபில்டர்கள் ஏராளம்.

கேள்வி: ‘இரண்டு பேர் டென்ட்’ என்று போட்டிருக்கிறது. உண்மையில் இரண்டு பேர் படுக்கலாமா?

பதில்: 51 செ.மீ. பாய் இரண்டு போட்டால் படுக்கலாம். 64 செ.மீ. அகலப் பாய் இரண்டு என்றால் தலைப்பக்கம் நுழையும், கால்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பல டென்ட்டுகள் காலை நோக்கிக் குறுகுகின்றன. வாங்கும் முன் தரையில் பாய்களை விரித்து அளந்துகொள்ளுங்கள். கதவு இரண்டு இருக்கட்டும். ஒரு கதவு என்றால் நடுராத்திரியில் ஒருவர் மேல் ஒருவர் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இரண்டு பேர் மூச்சில் உள்பக்கம் நனையும். காற்றுத்துளைகளைத் திறந்துவையுங்கள், ஓடைக்கரையின் பள்ளத்தில் போடாதீர்கள். குறட்டைக்குக் காதடைப்பான்.

கேள்வி: காலில் உரசல் தெரிந்தாலும் மற்றவரை நிறுத்தக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சத்தின் விலை இரண்டு நாள். சூடு தெரிந்த இடத்திலேயே ஷூவைக் கழற்றி, மணலைத் தட்டி, தோலைத் துடைத்துக் காயவிட்டு, மடிப்பு விழாமல் பிளாஸ்திரி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். பெரிய கொப்புளமாகி நடக்கவே வலித்தால்: சோப்பால் கழுவி, ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் அடியோரத்தில் இரண்டு துளை, மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுதல், மேல்தோலைப் பிய்க்காமல் மூடுதல். சீழோ, சிவப்புக் கோடு மேலே ஏறுவதோ, காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ‘நில்’ என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் நிற்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஷூவைப் பொறுத்தவரை, ஓட்ட ஷூ ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரைதான். நடக்க நடக்கப் பாதம் அரை அளவோ ஒரு அளவோ பெருக்கும். எனவே எல்லா ஜோடியையும் முன்பே வாங்கிவைக்காதீர்கள்.

கேள்வி: நடுவழியில் ஒருவர் விலக நினைத்தால்?

பதில்: இதைக் கிளம்பும் முன்பே பேச வேண்டும். பேசினால் அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் மழையில் நின்றபடி கத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கி.மீ.; தொடங்குவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். இருவரும் சேர்ந்தே முடிப்பது இன்னும் அரிது என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மழையில், ஏற்றத்தில், பசியில் எடுத்த முடிவு செல்லாது. ஊருக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இரண்டு இரவு தூங்கி, நடுவில் ஒரு நாள் நடக்காமல் இருந்த பிறகும் அதே எண்ணம் என்றால் அது உண்மையான எண்ணம். மற்றவர் அதற்குப் பின் வாதாடக் கூடாது.

பாதை விதிகளையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் செல்லும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் 500 மைலுக்கு (சுமார் 800 கி.மீ.) மேல் தொடர்ந்து நடப்பவருக்கான அனுமதிச் சீட்டு ஆளுக்கு ஆள் தனி. ஒருவர் விலகினாலும் மற்றவருடையது செல்லும். அங்கே கலிபோர்னியாவின் சியரா மலைகளின் பல பகுதிகளில் கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். இருவருக்கு ஒரு வாரச் சாப்பாடு ஒரு டப்பாவில் அடங்காது, ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் பிரியும்போது பிரச்சினை இல்லை. அந்தப் பாதையின் தெற்குப் பகுதியில் 30 கி.மீ.-க்கு மேல் தண்ணீர் இல்லாத நீட்சிகள் உண்டு. பாட்டில்களும் தனித்தனியே போதுமான அளவு இருக்க வேண்டும்.

பொதுச் சாமானில் எது யார் வாங்கியது, தொடர்பவருக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பவர் கையில் இப்போது இருவருக்கான டென்ட், இருவருக்கான பாத்திரம்: ஒரே நாளில் பை ஒன்றரை, இரண்டு கிலோ கூடியிருக்கும். முதல் மூன்று நாள் தூரத்தைக் கால் பங்கு குறைத்து நடக்கட்டும். அடுத்த ஊரில் சின்ன டென்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.