வெயிலில் சுருங்கும் புருவமும் கோபமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தம்பிக்கு 26 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, இப்போது போவதில்லை. டிப்ரஷன் என்று டாக்டர் மாத்திரை எழுதி இரண்டு வாரம் ஆகிறது. 'எல்லாரும் என்னை முறைக்கிறாங்க' என்றே சொல்கிறான். முகங்களைப் பார்த்துப் பழகினால் மனச்சோர்வு போகும் என்று போனில் ஒரு ஆப் விளம்பரம் வருகிறது. பணம் கட்டலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆப்புக்குப் பணமும் கட்ட வேண்டாம்.

தம்பி பொய் சொல்லவில்லை, அம்மா. மனச்சோர்வில் இருப்பவருக்குச் சும்மா இருக்கும் முகம்கூட வருத்தமாகவோ கடுப்பாகவோ தெரியலாம். மே மாத வெயிலில் காட்பாடி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைப் பாருங்கள், அத்தனை பேருக்கும் புருவம் நெரிந்திருக்கும். கோபத்தில் புருவத்தை இழுக்கும் அதே தசைதான் கண் கூசும்போதும் இழுக்கிறது. 'என்ன வெயில்' என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். தம்பியோ 'என்னைத்தான் முறைக்கிறார்' என்று எடுத்துக்கொள்வார்.

அந்தப் பயிற்சி கட்டுக்கதை இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் முனாஃபோ, இயன் பென்டன்-வோக் குழுவினர் அதைச் சோதித்தார்கள். ஒரே முகம், சிரிப்பிலிருந்து சோகம் வரை 15 படங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒவ்வொரு படமும் மின்னி மறைந்ததும் சிரிப்பா சோகமா என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் அவர் பதில் சோகத்துக்குத் தாவுகிறதோ, அதை ஒட்டிய இரண்டு படங்களுக்கு 'சோகம்' என்றால், 'தப்பு, இது சிரிப்பு' என்று திரை திருத்தும். இப்படிப் பழகப் பழக அந்த எல்லை நகர்கிறது. மனசு லேசாகிறதா என்று பார்த்தால், அதற்கு உறுதியான பலன் கிடைக்கவில்லை. விளம்பரம் விழுங்கிவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டின் கேத்தரின் ஹார்மர் குழு 2009இல் கண்டது உங்களுக்கு உதவும். மனச்சோர்வு மாத்திரை ஒரே ஒரு வேளை போட்டவர்களுக்கே சிரித்த முகங்கள் முன்பைவிட நன்றாகப் பிடிபட்டன; மனநிலை மட்டும் அப்போது மாறவில்லை. பார்வை முதலில் திரும்புகிறது, மனசு பின்னால் வருகிறது. இரண்டே வாரத்தில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். 'அம்மா முறைக்கிறாங்க' என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள். "அவங்களையே கேட்டுடலாமா?" என்று கூட்டிப் போங்கள். "அடுப்புப் புகைடா, கண்ணு எரியுது" என்று அம்மா வாயாலேயே வரட்டும்.

அடுத்த முறை அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியோ பாகாயம் ஆஸ்பத்திரியோ, காட்டும் இடத்தில் இந்த முறைப்பு விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆளே இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லாரும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்றெல்லாம் சொன்னால் அது வேறு கணக்கு, சீக்கிரம் காட்ட வேண்டும். 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு வந்தால் தேதி பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். ராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.