இருபது ஷில்லிங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் ‘ஜேன் அயர்’ நாவலை விவாதித்தோம். ரோச்செஸ்டருக்கு மனைவி உயிருடன் இருப்பதை மணநாளன்று அறியும் ஜேன், அவரை நேசித்தபடியே அவருடைய வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இது தனிமனித சுதந்திரமா, கிறித்தவ ஒழுக்கத்துக்கு அடிபணிவதா? மாடியில் அடைத்துவைக்கப்பட்ட அந்த மனைவி பெர்த்தாவின் சுதந்திரத்தை நாவல் ஏன் பேசவில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அதே நாவலைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். பெர்த்தாவைப் பற்றிய கேள்விக்கு எழுத்தாளர் ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ என்று ஒரு நாவலையே பதிலாக எழுதிவிட்டார். அதைத் தேடிப் படியுங்கள். சுதந்திரமா ஒழுக்கமா என்பது பட்டிமன்றத் தலைப்பு. தன் மனச்சாட்சிக்குக் கட்டுப்படுவதையே சுதந்திரம் என்று எண்ணிய பெண்ணிடம் போய், இரண்டில் ஒன்றைச் சொல் என்று நிற்பது என்ன நியாயம்?

இக்காலத்தில் இவ்வளவு பெரிய நாவலை ஒரு குழுவாகப் படித்து முடித்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால், அத்தனை பேர் கூடிப் பேசியும் ஒருவர்கூட அவளுடைய பணப்பையைத் திறந்து பார்க்கவில்லையே! நான் முதலில் படித்தது பள்ளியில் துணைப்பாடமாக இருந்த சுருக்கப் பதிப்பு. அதில் ஜேன் ஒரு பக்கத்தில் வெளியேறுவாள். அடுத்த பக்கத்தில் நல்லவர்கள் வீட்டில் படுத்திருப்பாள். நடுவே வெட்டப்பட்டவை அவள் பட்டினி கிடந்த நாட்கள் என்பது, கல்லூரி விடுதியில், மெஸ் பாக்கி கட்ட வழியில்லாத ஒரு மாதக் கடைசியில், முழு நாவலையும் படித்தபோதுதான் தெரிந்தது.

ரோச்செஸ்டர் வீட்டில் ஆசிரியையாக ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளம் வாங்கியவளிடம் புறப்படும்போது இருந்தது 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. 30 ஷில்லிங் கேட்ட வண்டிக்காரர் இருப்பதை வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்கு இவ்வளவு தூரம்தான் என்று ஆளில்லாத நாற்சந்தி ஒன்றில் இறக்கிவிடுகிறார். இந்தக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு ரொட்டி தாருங்கள் என்று கேட்கும் அவளுக்குக் கடைக்காரி மறுத்துவிடுகிறாள். பன்றித் தொட்டியில் கொட்டப்போன ஆறி இறுகிய கஞ்சியைக் கேட்டு வாங்கி உண்கிறாள்.

அவள் ரோச்செஸ்டரிடம் திரும்புவது எப்போது என்று பாருங்கள். தந்தையின் சகோதரர் மதேராத் தீவில் இறந்தபோது விட்டுச்சென்ற 20,000 பவுண்டை அத்தை பிள்ளைகள் மூவரோடு பங்கிட்டுக்கொண்டு, 5,000 பவுண்டுக்குச் சொந்தக்காரியான பிறகுதான். பெர்த்தா இறந்துவிட்டிருக்க, பார்வை இழந்திருந்த ரோச்செஸ்டரிடம், உடன் வாழ இடம் தராவிட்டால் அவர் வாசலுக்குப் பக்கத்திலேயே தனக்கென வீடு கட்டிக்கொள்வதாகச் சொல்கிறாள். அந்தத் துணிவில் பாதி அவளுடைய குணம், மீதி அந்த 5,000.

நாவல் வெளிவந்த 1847இல் இங்கிலாந்தில், தனி ஆவணம் எழுதி வைத்திராவிட்டால், மனைவியின் ரொக்கம் கணவருக்கே உரியது. அவளது சொத்தை அவளுக்கே முழுமையாக விட்டுவைத்த சட்டம் 1882இல்தான் நிறைவேறியது. அப்படியென்றால், ரோச்செஸ்டரை மணந்த பிறகு அந்தப் பணம் யாருடையது? அதை ஜேன் நமக்குச் சொல்வதில்லை. நாவலை எழுதிய சார்லட் பிராண்டேவுக்கு இது தெரியாததல்ல. 1854இல் தம் திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், தம் பணம் கணவர் கைக்குப் போய்விடாதபடி அவர் ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டார்.