தைராய்டு மாத்திரை: கம்பெனி மாறினால், டி.எஸ்.எச். ஏறினால்

கேள்வி: எனக்கு 46 வயது. தைராய்டு குறைவுக்குப் பல வருடமாக 75 எம்.சி.ஜி. (மைக்ரோகிராம்) மாத்திரை சாப்பிடுகிறேன். டி.எஸ்.எச். 2, 3 என்றுதான் இருக்கும். இரண்டு மாதம் முன்பு மருந்துக்கடையில் வழக்கமான கம்பெனி ஸ்டாக் இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது டி.எஸ்.எச். 8.1. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை ஒன்றரை மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டவே வேண்டாம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும். ஒன்றரை என்றால் 112.5 எம்.சி.ஜி. டோஸைக் கூட்டும்போது மருத்துவர்கள் பெரும்பாலும் 12.5 அல்லது 25 எம்.சி.ஜி. அளவில்தான் கூட்டுவார்கள். அளவு மிஞ்சினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். அது நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும்.

கம்பெனி மாறியது காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கம்பெனி மாத்திரையிலும் மருந்து லெவோதைராக்ஸின் சோடியம்தான். ஆனால் 75 எம்.சி.ஜி. என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாத்திரையின் மீதி எடை முழுவதும் மருந்தைத் தாங்கி நிற்கும் துணைப்பொருள்கள். அவை மாறினால் மருந்து கரைவதும் உடலில் சேர்வதும் கொஞ்சம் மாறலாம். பிரான்சில் 2017-இல் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்து அதேதான், அளவும் அதேதான். இருந்தும் ஆயிரக்கணக்கானோர் புகார் செய்து, பழைய மாத்திரையைத் தற்காலிகமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆனால் பழியைக் கம்பெனி மேல் போடுவதற்கு முன் இந்த இரண்டு மாதத்தில் வேறு என்ன மாறியது என்று பாருங்கள். உங்கள் வயதில் கால்சியம் மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள். கால்சியமும் இரும்புச்சத்தும் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். மல்டிவிட்டமின் மாத்திரையிலும் இவை இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் தைராய்டு மருந்து சேர்வதைக் குறைக்கலாம். அடுத்தது காபி. மாத்திரை போட்ட கையோடு காபி டம்ளரைத் தூக்கினால் மருந்தில் ஒரு பகுதி வீண். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டிபனோ. காலையில் அது முடியாத வீடு என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். காலையோ இரவோ, தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நேரத்தை மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய டப்பா, புது டப்பா, கடைசி இரண்டு ரிப்போர்ட், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிய ஒரு தாள் எல்லாம் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் பார்த்தபின் அவர் டோஸைத் தொடாமல், பழைய கம்பெனிக்கே திரும்பி 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லக்கூடும். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். புது நிலைக்கு வந்து நிற்க ஆறு வாரம் தேவை. அதற்கு முன் எடுத்த டெஸ்ட்டை வைத்து டோஸை மாற்றினால் அடுத்த தடவை எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

கடையில் இனிமேல் ‘இல்லை’ என்றால் வேறு கம்பெனியை வாங்கிக்கொண்டு வர வேண்டிய அவசரமே இல்லை. அந்த 7 நாள் கணக்கினால் ஓரிரு நாள் தவறினாலும் பெரும்பாலானவர்களுக்குப் பாதகம் வராது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. டப்பாவில் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லி வையுங்கள். சீட்டில் பிராண்ட் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: 100 மாத்திரை டப்பா வாங்கினால் கடைசி மாதம் மருந்து வேலை செய்யாமல் போகுமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: லெவோதைராக்ஸினுக்கு வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. சமையலறையில் அடுப்புக்கு மேல் உள்ள தட்டு, குளியலறை அலமாரி, ஜன்னல் ஓரம் எல்லாமே தவறான இடம். படுக்கையறை பீரோவின் கீழ்த்தட்டு போதும். லேபிளில் 25 டிகிரிக்குக் கீழ் என்றோ 30 டிகிரிக்குக் கீழ் என்றோ போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் வைத்து தினமும் வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த டப்பாவுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சின்ன சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மொத்த மாத்திரையையும் வேறு டப்பாவில் கொட்டி வைக்கவும் வேண்டாம். ஒரு வாரத்துக்கானதை மட்டும் எடுத்து வைக்கலாம்.

லேபிளில் இன்னொன்று: சில சீட்டில், டப்பாவில் அளவு மில்லிகிராமில் இருக்கும். 0.1 மில்லிகிராம் என்றால் 100 எம்.சி.ஜி.; 0.05 என்றால் 50. புள்ளி ஒரு இடம் தள்ளினால் டோஸ் பத்து மடங்கு மாறும். கவுண்டரிலேயே படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: லேபில் தைராய்டு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் தேவையா? (வாசகி, தாம்பரம்)

பதில்: டோஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெரும்பாலானவர்களுக்கு டி.எஸ்.எச். ஒன்றே போதும். மருத்துவர் கேட்டால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உடல் பயன்படுத்தத் தயாராக இருக்கும் தைராய்டு ஹார்மோன்) சேர்க்கலாம். டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் டெஸ்ட் வழக்கமாகத் தேவைப்படாது. பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறால் தைராய்டு குறைந்தவர்களுக்கு மட்டும் டி.எஸ்.எச். நம்பத்தகுந்ததல்ல, அவர்களுக்கு ஃப்ரீ டி4 கட்டாயம். ஒவ்வொரு தடவையும் ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம். ஃப்ரீ டி4 எடுக்கும் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மெஷின்களில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். டோஸ் அதிகம் என்று நினைத்து மருத்துவர் குறைத்துவிடக்கூடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லுங்கள்.

கேள்வி: மருமகளுக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நிறுத்தக்கூடாது. முதல் மாதங்களில் குழந்தைக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. கர்ப்பம் உறுதியானால் டோஸ் 25 முதல் 30 சதவீதம்வரை கூடத் தேவைப்படும். தினம் ஒரு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாத்திரை கூடுதலாகக் கொடுப்பது ஒரு வழக்கம். இதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதால் இன்றே போன் செய்யுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். பாதிக் கர்ப்ப காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள். மசக்கைக்கு நடுவே இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்பிப்பார்கள். தைராய்டு மாத்திரை காலையில் என்றால் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தைராய்டைக் குணமாக்கும் கடற்பாசிப் பொடி ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்காதீர்கள். கடற்பாசியில் அயோடின் ஏராளம். அயோடின் உப்பு சாப்பிடும் நம் வீடுகளில் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான். அங்கே கூடுதல் அயோடின் நிலைமையை மோசமாக்கலாம். செலவைக் குறைப்பதுதான் எண்ணம் என்றால், மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக் லெவோதைராக்ஸின் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறி, 6 வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து, சரியாக இருந்தால் அதே கம்பெனியிலேயே நில்லுங்கள்.