சன்ஸ்க்ரீனா, நிழலா: நிறுவனத்தின் நன்கொடை எங்கே போக வேண்டும்?

கேள்வி: மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகரில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். தோல் புற்றுநோய்த் தடுப்புக்காக இந்த ஆண்டு 20,000 டாலரை அக்கம்பக்கத்துச் சமூக அமைப்புகளுக்குக் கொடுக்க நிர்வாகம் முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறது. எங்கள் சின்னம் அச்சிட்ட சன்ஸ்க்ரீன் குழாய்களை வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழாவிலும் உள்ளூர்க் கிரிக்கெட் கிளப்பிலும் வழங்கலாம் என்பது ஒரு யோசனை. தோல் பரிசோதனை வண்டி ஒன்றை வரவழைக்கலாம் என்பது இன்னொன்று. ‘நம் நிறத்துக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று பள்ளிப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: பணத்தின் பெரும்பகுதியை நிழலுக்குக் கொடுங்கள். சன்ஸ்க்ரீனுக்குச் சிறு தொகை போதும், அதுவும் நீங்கள் நினைத்திருக்கும் குழாய் வடிவில் வேண்டாம். பரிசோதனை வண்டியை விட்டுவிடலாம். ஆனால் இவற்றில் எதையும் தொடங்குவதற்கு முன், ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு உங்கள் நிறுவனத்தின் சரக்கு ஏற்றும் முற்றத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள்.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுபவரும் எதை அணிந்திருக்கிறார்கள், இடைவேளையில் எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவில் வேலையிடத்து வெயிலால் ஆண்டுதோறும் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் சுமார் 200 பேருக்கும் பிற தோல் புற்றுநோய்கள் சுமார் 34,000 பேருக்கும் ஏற்படுவதாகப் புற்றுநோய் கவுன்சில் மேற்கோள் காட்டும் மதிப்பீடு சொல்கிறது. ஓட்டுநர்களையும் மறந்துவிடாதீர்கள். இந்நாட்டில் சன்னல் பக்கம் இருப்பது ஓட்டுநரின் வலது கை, பக்கவாட்டுக் கண்ணாடி வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர்களில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. நீண்ட கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, நிழலான இடைவேளை இடம், வெளிவேலைகளை நடுப்பகலிலிருந்து நகர்த்திய அட்டவணை ஆகியவற்றைத் தருவது, உங்கள் விக்டோரியா மாநிலத்தின் 2004ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி பணியிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையின் ஒரு பகுதி. ஆகவே அந்தச் செலவை இந்த 20,000 டாலரிலிருந்து எடுக்கக் கூடாது. கடமையைக் கொடைக் கணக்கில் எழுதும் நிறுவனங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். (வெயிலில் வேலை செய்பவர்கள் தம் கைக்காசில் வாங்கும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீன் ஆகியவற்றை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.)

இனி சன்ஸ்க்ரீன். அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. குவீன்ஸ்லாந்தின் நம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களிடையே செதிள் செல் புற்றுநோய் என்னும் தோல் புற்றுநோய் வகை ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. பிந்தைய தொடர் கண்காணிப்பில் மெலனோமாவும் பாதியளவே காணப்பட்டது. ஆனால் அது நாள்தோறும், போதிய அளவில் பூசியதன் பலன். விழாவில் கைக்கு வரும் 50 மில்லிலிட்டர்க் குழாயின் கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் முகம், கழுத்து, காதுகளுக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வொன்று என ஏழு தேக்கரண்டி, அதாவது சுமார் 35 மில்லிலிட்டர் பூச வேண்டும். வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு முறையும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் என்றால், அந்தக் குழாய் இரண்டாவது பூச்சுக்கே போதாது. மிச்சமிருப்பது காரின் கையுறைப் பெட்டிக்குள் போகும். சன்ஸ்க்ரீனை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அதன் உறையிலேயே எழுதியிருக்கிறது. இந்நாட்டின் கோடையான ஜனவரியில், பூட்டிய காருக்குள் வெப்பம் அந்த அளவை அரை மணியில் தாண்டிவிடும்.

எனவே சிறு குழாய்களுக்குப் பதிலாக ஒரு லிட்டர் பம்ப் பாட்டில்கள் சிலவற்றை வாங்கி, விழா நாளில் பெயர்ப் பதிவு மேசையிலும் தண்ணீர்ப் பந்தலிலும் நிழலில் வையுங்கள், பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடியையும் மாட்டுங்கள். மருந்துப் பொருள்களைக் கண்காணிக்கும் டி.ஜி.ஏ. அமைப்பின் ‘ஆஸ்ட் எல்’ பதிவு எண், பாதுகாப்பின் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். 50 அல்லது 50+, காலாவதி நாள் ஆகிய மூன்றையும் வாங்கும்போதே பாருங்கள். எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2025 ஜூனில் ‘சாய்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்க்ரீன்களைச் சோதித்தபோது 16 தயாரிப்புகள் உறையில் சொன்ன அளவை எட்டவில்லை. அவற்றிலும் பல ஓரளவு நல்ல பாதுகாப்பையே தந்தன என்பதால் சன்ஸ்க்ரீனைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, அதை மட்டுமே நம்பி வெயிலில் நிற்கவும் வேண்டாம். உங்கள் சின்னத்தைப் பாட்டிலின் மேல் ஒட்டாதீர்கள். பெரும்பாலும் அது காலாவதி நாளையோ பூசும் முறையையோ மறைத்துவிடும்.

பெரும்பகுதிப் பணம் நிழலுக்கு என்று சொன்னதற்குக் காரணம், நிழல் யாரிடமும் எதையும் நினைவில் வைத்திருக்கச் சொல்வதில்லை என்பதுதான். மெல்பேர்னின் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் வழக்கமாகக் கூடும் இடங்களின் மேல் நிழற்பாய்களை, அதாவது கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டும் துணிக்கூரைகளை, அமைத்துப் பார்த்தார்கள். பதின்வயதினர் நிழலை விட்டு ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் பொய்த்து, அந்த இடங்களில் உட்காருபவர்களின் எண்ணிக்கை கூடவே செய்தது. கூட்டம் எங்கே காத்திருக்கிறதோ அங்கே நிழல் போட வேண்டும் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கிரிக்கெட் கிளப்பில் அது ஆட்டக்காரர் பெஞ்சும் தொத்திறைச்சி விற்கும் மேசையின் வரிசையும். பள்ளியில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போகக் காத்து நிற்கும் வாசல்.

இடத்தைத் தேர்ந்த பிறகு இரண்டு சோதனைகள் செய்யுங்கள். நிழல் விழப்போகும் இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்து, வானம் எவ்வளவு தெரிகிறது என்று கவனியுங்கள். புற ஊதாக் கதிர் சூரியனிடமிருந்து நேராக மட்டும் வருவதில்லை, நீல வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. ஆகவே நாற்புறமும் வானம் தெரியும் சிறு குடையின் கீழ் முகம் நிழலில் இருந்தாலும் தோல் சிவக்கும். மரம், சுவர், கூரை எனப் பக்கங்களும் மறையும் இடமே நல்ல நிழல். இரண்டாவது, கடிகாரம். கோடைக்கால நேரத்தில் மெல்பேர்னில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு. காலை பத்து மணிக்கு அளவெடுத்துக் கட்டிய நிழல், உணவு இடைவேளையில் பக்கத்துப் பாதையின் மேல் விழுந்துகிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

தமிழ்ப் பள்ளி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வார இறுதிப் பள்ளிகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்தே நடக்கின்றன, ஆகவே அங்கே கம்பம் நட அவர்களுக்கு உரிமை இல்லை. கட்டடத்துக்குரிய பள்ளியின் முதல்வரை அழைத்துப் பேசி, இரு பள்ளிகளும் பயன்படுத்தும் நிழலாக அதை அமைக்க முடிந்தால், வாரத்தின் மற்ற ஐந்து நாள்களிலும் பலன் தரும். முடியாவிட்டால், பக்கத் திரைகளும் கனமான கால் எடைகளும் கொண்ட மடக்குப் பந்தல்கள் சிலவற்றை வாங்கிக்கொடுங்கள். கிளப் மைதானம் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தமானதாக இருந்தால், அவர்களின் அனுமதியும் காற்றைத் தாங்கும் என்பதற்குப் பொறியாளர் சான்றும் தேவைப்படும். நிழற்பாயின் துணியும் கம்பிகளும் தேய்பவை. ஆண்டுதோறும் சரிபார்க்கும் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்காமல் கொடுத்தால், சில ஆண்டுகளில் கிழிந்து தொங்கும் துணியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் ஆடிக்கொண்டிருக்கும்.

பெற்றோர் கேட்ட கேள்வி நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதேனும் ஒரு தோல் புற்றுநோய் கண்டறியப்படும் என்ற புகழ்பெற்ற கணக்கு, பெரும்பான்மையான வெள்ளைத் தோலினரை வைத்து வந்தது. அடர்பழுப்புத் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி பெரும் பாதுகாப்பு தருவதால் நம்மில் பலருக்கு அபாயம் அதைவிட மிகக் குறைவு, வைட்டமின் டி குறைபாடுதான் அதிகம். ஆகவே நாள் முழுவதும் வெளியே இராத கறுத்த தோலினரிடம் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்வது தேவையற்ற அறிவுரை. ஆனால் நம் வீடுகளிலேயே வெளிர்பழுப்பு நிறத்தவரும் இருக்கிறார்கள், கலப்பு மணக் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணுக்கோ நிறப் பாதுகாப்பு கிடையாது, கண்புரையும் கண்ணில் சதை வளர்வதும் எல்லோருக்கும் வரும். கறுத்த தோலினருக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றும். 1981இல் காலமான பாடகர் பாப் மார்லிக்கு அது கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. அவ்வகை வெயிலால் வருவதாகத் தெரியவில்லை என்பதால் சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. நகத்தடியில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோட்டையோ, ஆறாத கால் புண்ணையோ மருத்துவரிடம் காட்டச் சொல்லும் ஒரு தமிழ்த் துண்டறிக்கை, நம்மவர்க்கு நூறு குழாய்களைவிட உதவும். ‘வெயிலில் போனால் கறுத்துப்போவாய்’ என்ற வீட்டுப் பேச்சை மட்டும் அந்தத் துண்டறிக்கையில் எந்த வடிவிலும் நுழையவிடாதீர்கள். தோலை வெளுக்கவைக்கும் களிம்பு விற்பவர்கள் இணை நன்கொடையாளராக வர விரும்பினால் மறுத்துவிடுங்கள்.

பரிசோதனை வண்டியை விடச் சொன்னது சிக்கனத்துக்காக அல்ல. அறிகுறி இல்லாத பொதுமக்கள் அனைவருக்கும் மெலனோமாப் பரிசோதனை செய்வதை ஆஸ்திரேலிய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. குடும்பத்தில் நோய் இருந்தவர், ஏராளமான மச்சம் உள்ளவர் போன்ற அபாயம் மிகுந்தோர் தம் குடும்ப மருத்துவரிடம் முறையாகப் போவதே சரி. வண்டி மாலையில் கிளம்பிவிடும், ‘சந்தேகமாக இருக்கிறது’ என்ற சீட்டோடு நிற்பவரை அடுத்து யார் பார்ப்பது?

விக்டோரியாவின் அனுபவம் நீண்டகாலப் பணத்தின் பக்கமே நிற்கிறது. 1981இல் சட்டை, களிம்பு, தொப்பி என்று ஆடிப்பாடிய சிட் என்னும் கடற்காகம் ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ விளம்பரத்தில் எல்லோருக்கும் அறிமுகமானது. ஆனால் 1988 முதல் ‘சன்ஸ்மார்ட்’ திட்டம் தொடர்ந்து ஓடியதற்கு, முந்தைய ஆண்டு புகையிலை வரிப் பணத்தில் தொடங்கிய விக்ஹெல்த் அமைப்பின் நிலையான ஆதரவு முக்கியக் காரணம். விளையாட்டுக் குழுக்களுக்கு சிகரெட் நிறுவனங்கள் கொடுத்துவந்த பணத்தை மாற்றீடு செய்வது அந்த அமைப்பின் தொடக்க நோக்கங்களில் ஒன்று. உங்கள் நிர்வாகத்திடம் ஓராண்டு 20,000 டாலருக்குப் பதிலாக மூன்றாண்டு உறுதி கேட்டுப்பாருங்கள், தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. பதிலுக்கு விளம்பரம் கேட்டால் அது விளம்பரச் செலவு, எதுவும் கேட்காவிட்டால் நன்கொடை. பெறும் அமைப்புக்கு டி.ஜி.ஆர். தகுதி இருந்தால்தான் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும் என்பதால், கையெழுத்திடும் முன் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் யூ.வி. குறியீடு மெல்பேர்னில், வெயில் பாதுகாப்பு தேவைப்படும் அளவான மூன்றையும் அதற்கு மேலும் தொடுவது ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை. குளிர்ந்த, மேகமூட்டமான நவம்பர் நாளிலும் அது உயர்ந்திருக்கலாம், ஏனெனில் வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழாவை மே மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், ஓட்டப்பந்தயங்களைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு, கயிறு இழுத்தலையும் பரிசளிப்பையும் மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.