ஊரே சேர்ந்து ஒருவரை அடிப்பது எப்படி நியாயமாகத் தெரிகிறது?

வழக்கத்தை மீறினார் என்று ஒருவரை விசாரிக்காமல் ஊரே கூடித் தண்டிப்பதைத்தான் கும்பல் தண்டனை என்கிறோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க நிற்கிறீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போதே ஒருவர் இறங்குவார், பின்னாலேயே பத்துப் பேர். யாரும் வாகனத்தைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கைதான். வழக்கமும் அப்படியே. காரணத்தை முன்னோர் யோசித்திருப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். அந்த வழக்கத்துக்காகக் கும்பலாக அடிக்கும்போதும், ஆளுக்கொரு அடி என்பதால் கொன்றது தான்தான் என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கு இதுதான் மிகக் கொடுமையாகப் படுகிறது: அடி வாங்குகிறவருக்கு அத்தனை அடியும் ஒரே உடம்பில் விழுகிறது.

சாதியைச் சொல்லிக் கோயிலில் தடுப்பது குற்றம் என்று கொழும்புப் பாராளுமன்றம் 1957-இலேயே சட்டம் இயற்றியது. அப்படியிருந்தும் 1968-இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை வாசலிலேயே அடித்தார்கள். சொன்ன நியாயம், காலங்காலமான வழக்கம்.

சரி, பலர் சேர்ந்து செய்தால் தனி ஆளுக்குப் பொறுப்பில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு: சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்யும் குற்றத்துக்கு, அப்போது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளி என்கிறது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு.