கையில் வருவது 14,265 ரூபாய், மீதி எங்கே போகிறது?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வங்கியில் விழுவது 14,265. சம்பள ரசீது கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம், ரசீதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்கிறார் மேனேஜர். பி.எஃப். பிடிக்கிறார்களாம். 2,000 ரூபாய் கொடுத்தால் அந்தப் பணத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம். பி.எஃப். கணக்குக்கான 15,000 ரூபாய் உச்சவரம்பில் போட்டால் 1,800. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18,000இல் 0.75 சதவீதம், அது 135. ஆக உங்கள் கைக்கு 16,065 வர வேண்டும். இன்னும் ஒரு 1,800 குறைகிறது இல்லையா? கம்பெனி தன் பையிலிருந்து போட வேண்டிய பங்கும் அதே 1,800தான். அதையும் உங்களிடமே பிடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை.

ஒரே ஒரு சங்கதி. வேலை உத்தரவை எடுத்து 18,000க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'சி.டி.சி.' என்று இருந்தால், கம்பெனி தன் பங்கையும் சேர்த்துச் சொன்ன தொகை அது. உங்கள் சம்பளமே அதைவிடக் குறைவு. 'சம்பளம்' என்றோ 'கிராஸ்' (பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம்) என்றோ இருந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. வாயால் 18,000 சம்பளம் என்று சொல்லிவிட்டுத் தாளில் சி.டி.சி. என்று போடுகிறவர்களும் உண்டு. எது எப்படியிருந்தாலும், ரசீதில் பிடித்தம் என்ற பகுதியில் கம்பெனியின் பங்கு வரவே கூடாது.

ஆயுத பூஜைப் பொரியையும் தீபாவளி ஸ்வீட் பெட்டியையும் வைத்து ஒரு கம்பெனியை எடை போடாதீர்கள். 7ஆம் தேதிக்குள் சம்பளம் வருகிறதா, கேட்காமலே ரசீது வருகிறதா என்று பாருங்கள். ரசீது தருவது சட்டப்படி அவர்கள் கடமை. குடும்பம் என்கிறவர்கள் கணக்கை மறைப்பானேன்?

பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்பது அடுத்த கேள்வி. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியில் வரும். பி.எஃப். பாஸ்புக்கில் கம்பெனி பங்கு 550 என்று இருந்தால் பதற வேண்டாம், மீதி 1,250 ஓய்வூதியத்துக்குப் போகிறது.

இனி அந்த 2,000 ரூபாய்க்காரர். நீங்கள் வேலையில் இருக்கும்போது அவரால் மட்டும் தனியாக எதையும் எடுத்துவிட முடியாது. உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்), கடவுச்சொல், ஓ.டி.பி. மூன்றையும் கேட்பார். கொடுத்தால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. வேலையை விட்டதாகப் பொய்க் காரணம் போட்டு விண்ணப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

இந்தத் தரகர்கள் பிழைப்பு ஓடுவதற்குப் பாதிக் காரணம் நம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பி.எஃப்.பில் ஒற்றை எழுத்து இருக்கும், உடனே விண்ணப்பம் திரும்பிவிடும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் பெயர் எழுதுகிறோம் என்பது அந்தக் கணினிக்கு என்றைக்குத்தான் புரியுமோ!

இப்போதைக்கு, ரசீதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. தராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறாவிட்டால், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டோடு மதுரை பி.எஃப். அலுவலகத்தில் நீங்களே நேரில் புகார் கொடுங்கள்.